கோயில் கூரை, காணிக்கை, கணக்கு: வாசகர் கேள்வி பதில்

கத்தோலிக்கப் பங்குக் கோயில் (ஒரு பகுதியில இருக்கற விசுவாசிகளோட சபைதான் பங்கு) வேலைகள், நிதி திரட்டுறது, ஏழைகளுக்கு உதவுறது பத்தி உங்க கேள்விகளை அனுப்புங்கன்னு போன தடவை கேட்டிருந்தேன். இவ்வளவு வரும்னு நினைக்கல. வந்ததுல பாதிக்கு மேல சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருது, நாங்க கொடுத்த காசு என்ன ஆச்சுங்கறதுக்கு. அதனால அதுலேருந்தே ஆரம்பிச்சிடறேன்.

கேள்வி: கூரை ரிப்பேருக்குன்னு ரெண்டு வருஷமா தனி கவர் கொடுத்து வசூல் பண்ணாங்க. இப்போ அந்தக் காசுல புது மைக் செட் வாங்கியாச்சு. கேட்டா "எல்லாம் கோயிலுக்குத்தானே"ன்னு சொல்றாங்க. இது சரியா?

சரியில்லைங்க. 1983ல வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்புல 1267ஆவது சட்டம் இதுக்கு நேராவே பதில் சொல்லுது, விசுவாசிகள் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குன்னு கொடுத்த காணிக்கையை அந்தக் காரியத்துக்கு மட்டும்தான் செலவழிக்கணும். கூரைன்னு சொல்லி வாங்கினா கூரைதான். மைக் செட் கெட்ட பொருள் இல்ல, அது தேவையாவும் இருந்திருக்கலாம், ஆனா அதுக்கு வேற வசூல் வேணும், இல்லேன்னா பொதுக் காணிக்கையிலேருந்து எடுக்கணும்.

இதுக்காக யாரையும் திருடன்னு சொல்லிடாதீங்க. நான் எட்டு வருஷம் ஒரு பங்கோட நிதிக்குழுவுல இருந்தேன், பெரும்பாலும் இது கெட்ட எண்ணத்துல நடக்கறதில்ல, எல்லாப் பணமும் ஒரே அக்கவுன்ட்ல கிடக்கும், அவசரம்னு ஒண்ணு வரும், எடுத்துடுவாங்க, திருப்பி வைக்க மறந்துடுவாங்க, அவ்வளவுதான். அதனாலதான் ஆரம்பத்துலயே கூரைக்கு தனிக் கணக்கு, ஏழைகளுக்கு தனிக் கணக்குன்னு பிரிச்சு வைக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கறேன். பேங்க்ல தனி அக்கவுன்ட் முடியலேன்னாலும் நோட்டுலயாவது தனிப் பக்கம் இருக்கட்டும். இன்னொண்ணு, கவர் கொடுக்கும்போதே "கூரை வேலை முடிஞ்சு மீதி இருந்தா வயரிங்குக்கு எடுத்துக்குவோம்"னு ஒரு வரி அச்சடிச்சிட்டா பிற்பாடு பாதி சண்டை வராது.

இப்போ நீங்க செய்ய வேண்டியது, நிதிக்குழுகிட்ட போய், கூரைக் கணக்குலேருந்து எடுத்த தொகையை எப்போ, எதுலேருந்து திருப்பி வைப்பீங்கன்னு எழுத்துல கேளுங்க. ஒவ்வொரு பங்குலயும் நிதிக்குழு கட்டாயம் இருக்கணும்னு 537ஆவது சட்டம் சொல்லுது, அது பங்குத்தந்தை விருப்பத்தைப் பொறுத்தது இல்ல. "எங்க பங்குல அப்படி ஒண்ணே கிடையாது"ன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க, அப்போ கூரையை விட முதல்ல அதைத்தான் சரி பண்ணணும்.

கேள்வி: கணக்கு கேட்டா விசுவாசம் இல்லாதவங்க மாதிரி பாக்கறாங்களே?

இது மனசைக் கஷ்டப்படுத்தின கேள்வி. புனித பவுல் எருசலேம்ல இருந்த ஏழைகளுக்காக வசூல் பண்ணாரு இல்லையா, கொரிந்தியருக்கு எழுதின ரெண்டாம் திருமுகம் 8ஆம் அதிகாரத்தை நிதானமா வாசிச்சுப் பாருங்க. அந்தப் பணத்தை அவர் தனி ஆளா கையாளல, தன்னோட உடனுழைப்பாளர் தீத்துவையும், சபைகளே தேர்ந்தெடுத்த இன்னொரு சகோதரரையும் சேர்த்து அனுப்புறாரு. ஏன்னா, இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது யாரும் நம்ம மேல குறை சொல்லிடக் கூடாது, ஆண்டவர் முன்னாடி மட்டுமில்ல மனுஷங்க முன்னாடியும் நேர்மையா நடந்துக்கணும்னு காரணத்தையும் சொல்றாரு. பவுலடிகளே ஆள் துணையோட செஞ்ச வேலை அது! ஞாயித்துக்கிழமை காணிக்கையை எண்ணும்போது ரெண்டு மூணு பேர் உக்காந்து எண்ணி, கையெழுத்து போட்டு, அடுத்த வாரம் வேற ஆளுங்க எண்ணினா அதுல யாருக்கு என்ன அவமானம்? எண்ணறவங்களுக்கே அது பாதுகாப்பு. விசுவாசிகள் கொடுத்ததுக்கு அவங்களுக்கே கணக்கு சொல்லணும்னு 1287ஆவது சட்டத்துலயும் இருக்கு.

கேள்வி: திருப்பலி முடிவுல வாராவாரம் கட்டட நிதி அறிவிப்பு. பத்து நிமிஷம் பேர் வாசிக்கறாங்க, யாரும் கேக்கறதில்ல. வேற வழி?

பேர் வாசிக்கறதை நிறுத்துங்க. ஒரே ஒரு தாள் போதும், கோயில் வாசல்ல ஒட்டுங்க. மொத்தம் எவ்வளவு வேணும், கையில வந்தது எவ்வளவு, தர்றேன்னு சொல்லி இன்னும் வராதது எவ்வளவு (இதையும் கையில வந்ததையும் சேர்த்துப் போடவே கூடாது, நாங்க ஒரு தடவை சேர்த்துப் போட்டு வேலையை ஆரம்பிச்சிட்டு நடுவுல நின்னு போனோம்), இந்த மாசம் நடந்த வேலை என்ன, அடுத்த மாசம் என்ன. கூட ஒரு போட்டோ. வேலை நின்னு போயிருந்தா அதையும் ஏன் நின்னுச்சுன்னு எழுதுங்க. நல்ல செய்தியை மட்டும் ஒட்டுற பலகையை ஜனங்க ரெண்டு மாசத்துல பாக்கறதை விட்டுடுவாங்க.

கேள்வி: முதல்ல பெயின்டா, கூரையா, சாய்தளமா? எங்க பங்குப் பேரவையில சண்டையே வந்துடுச்சு.

கூரை. தண்ணி உள்ள வர்ற கட்டடத்துல வேற எதைச் செஞ்சாலும் வீண். எங்க பங்குல திருவிழா வருதுன்னு அவசரமா உள்பக்கம் பூசி பெயின்ட் அடிச்சோம், அடுத்த மழையிலேயே பீடத்துக்குப் பின்னாடி சுவர் முழுக்க உப்புப் பூத்து உரிஞ்சு வந்துடுச்சு, கொடுத்தவங்க முகத்தைப் பாக்க முடியல. இன்னொரு விஷயம், உள்ள சொட்டுற இடமும் மேல ஓட்டை இருக்கற இடமும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது, தண்ணி சரிவுல ஓடி எங்கயோ வந்து சொட்டும், அதனால விவரம் தெரிஞ்ச இன்ஜினியர் மேல ஏறிப் பாக்காம யார்கிட்டயும் கொட்டேஷன் வாங்காதீங்க. வாங்கினா மூணு பேர்கிட்ட வாங்குங்க, கடைசித் தவணையை ஒரு மழைக்காலம் பாத்துட்டுக் கொடுப்போம்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.

அடுத்தது வயரிங், ஏன்னா அது உயிர் விஷயம். அப்புறம் சாய்தளம், அதையும் கடமைக்கு ஒரு சிமென்ட் சறுக்கு மாதிரி போட்டுடாதீங்க. ஒரு அடி உயரம் ஏற பன்னண்டு அடி நீளமாவது வேணும், பக்கத்துல கைப்பிடி வேணும். வீல்சேர்ல வர்றவங்க ஒருத்தரை அழைச்சிட்டு வந்து ஏறிப் பாக்கச் சொல்லுங்க, அப்போதான் தெரியும். பெயின்ட் கடைசி.

கேள்வி: ஏழைங்க இவ்வளவு பேர் கஷ்டப்படும்போது கோயிலுக்கு இவ்வளவு செலவு தேவையா?

4ஆம் நூற்றாண்டுல புனித ஜான் கிறிசோஸ்தோம் இதையே கேட்டாரு. மத்தேயு நற்செய்தி பத்தின 50ஆவது மறையுரையில, கிறிஸ்து பசியில வாடும்போது அவரோட மேசை நிறைய தங்கக் கிண்ணங்கள் இருந்து என்ன பயன்னு கேக்கறாரு. ஆனா கோயிலை அழகு பண்ணாதீங்கன்னு அவர் சொல்லல, அதோட சேர்த்து, அதுக்கும் முன்னாடியே, ஏழைகளைப் பாருங்கன்னுதான் சொன்னாரு. நானும் அந்தப் பக்கம்தான். மழையில ஒழுகாத கூரை ஆடம்பரம் இல்ல, ஏழையும் அதுக்குக் கீழதான் உக்காந்து ஜெபிக்கறாரு. பளிங்குத் தரை காத்திருக்கலாம். சில பங்குகள்ல கட்டட நிதிக்கு வர்றதுல ஒரு பகுதியை முதல்லயே எடுத்து ஏழைகள் கணக்குல போட்டுடறாங்க, ஆனா அதையும் வசூலுக்கு முன்னாடியே சொல்லிடணும், முதல் பதில்ல சொன்ன அதே காரணம்தான்.

கேள்வி: துணி சேகரிச்சோம், கிழிஞ்சதும் கறை படிஞ்சதுமா குவிஞ்சு கிடக்கு. என்ன பண்றது?

கிழிஞ்சதைக் கொடுக்காதீங்க, அதை வாங்கறவங்க மனசு என்ன பாடுபடும்! அடுத்த தடவை பொதுவா "துணி கொடுங்க"ன்னு கேக்காம, யாருக்கு என்ன வேணும்னு முதல்ல போய்க் கேட்டுட்டு வந்து அதை மட்டும் கேளுங்க. 1833ல பாரிஸ்ல ஃபிரெடெரிக் ஓசானாமும் அவரோட நண்பர்களும் தொடங்கின வின்சென்ட் தே பவுல் சபை இன்னைக்கும் ஏழைங்க வீடு தேடிப் போறதைத்தான் முதல் வேலையா வெச்சிருக்கு, உங்க பங்குல அந்தச் சபை இருந்தா அவங்ககிட்ட பட்டியலே இருக்கும். நவம்பர் நடுவுல வர்ற பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு, உலக வறியோர் நாள் அன்னைக்கு விருந்து வெக்கற பங்குகள் உண்டு, வெச்சா அவங்க பக்கத்துலயே உக்காந்து சாப்பிடுங்க, வரிசையில நிக்க வெச்சு போட்டோ எடுக்க வேண்டாம்.

கேள்வி: பெஞ்ச், ஃபேன் எல்லாத்துலயும் உபகாரி பேர் எழுதறாங்களே?

எனக்குப் பிடிக்காது. இறந்தவங்க நினைவா ஒரு பேர் இருந்தா அதுல ஒரு ஜெபம் இருக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். மத்தபடி எல்லாருக்கும் சேர்த்து வாசல் பக்கம் ஒரே கல்வெட்டு வைங்க, தொகை போடாம, அகர வரிசையில.