கேமிங் கேள்வி–பதில்: வாங்கிய வேகம் எங்கே போயிற்று?

எதை வாங்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். வாங்கி வைத்த பொருள் ஏன் சொன்னபடி உழைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கே இந்த முறை இடம்.

கேள்வி: 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டரைக் கழற்றிவிட்டு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். துப்பாக்கி விளையாட்டுகளில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரியும் என்றார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கோளாறு என் கண்ணிலா, மானிட்டரிலா?

பதில்: பெரும்பாலும் இரண்டிலும் இருக்காது. நானும் இப்படி ஒரு மானிட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று மாதம் போல, படம் எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். வேறு ஏதோ வேலையாக டிஸ்ப்ளே அமைப்புக்குள் போன ஒரு நாளில்தான், அது அத்தனை நாளும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. நீங்கள் என்னைவிட நேர்மையானவர்; தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

புது மானிட்டரை இணைத்ததும் விண்டோஸ் பல நேரங்களில் 60 ஹெர்ட்ஸையே எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போனால் ரெஃப்ரெஷ் ரேட் என்ற பட்டியல் வரும். அதில் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் 144 இல்லவே இல்லை என்றால் சந்தேகம் கேபிளின் பக்கம் போகட்டும். சில மானிட்டர்களில் எச்டிஎம்ஐ போர்ட் குறைந்த ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். முழு வேகமும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு இணைப்பு வழியாகத்தான் கிடைக்கும். பழைய மானிட்டருக்குப் போட்டிருந்த கேபிளையே கழற்றிப் புதியதில் செருகியிருந்தீர்களானால், முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். கேபிளின் மறுமுனை எங்கே செருகப்பட்டிருக்கிறது? கணினியின் பின்புறத்தில் யுஎஸ்பி போர்ட்களோடு சேர்ந்து மேலே இருப்பது மதர்போர்டின் இணைப்பு. அதற்குக் கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருப்பதுதான் கிராபிக்ஸ் கார்டின் இணைப்பு. மேலே இருப்பதில் செருகிவிட்டால், ப்ராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் பகுதி படம் காட்டிக்கொண்டிருக்கும். பெரும் செலவில் வாங்கிய கார்டு பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். நண்பர்களுக்குக் கணினி பார்த்துக் கொடுக்கப் போன இடங்களில் இந்தக் காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், விளையாட்டு எத்தனை எஃப்பிஎஸ்ஸில், அதாவது வினாடிக்கு எத்தனை படங்களில், ஓடுகிறது என்று பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.9 மில்லிவினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். உங்கள் கணினி வினாடிக்கு 50 படங்களைத்தான் தயாரிக்கிறது என்றால், மானிட்டர் எவ்வளவு விரைவாகத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் அதே பழைய படம்தான் அதன் கையில் கிடைக்கும். விளையாட்டின் அமைப்பில் எஃப்பிஎஸ் வரம்பு 60 என்று யாராவது வைத்துவிட்டுப் போயிருந்தாலும் இதே கதைதான். படங்களின் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் வசதியை இயக்கிவிடுங்கள். படம் தயாராகும் நேரத்துக்கேற்ப மானிட்டர் தன் தாளத்தை மாற்றிக்கொள்ளும்.

சோதித்துப் பார்க்க விளையாட்டே தேவையில்லை. வெறும் டெஸ்க்டாப்பில் அம்புக்குறியை வேகமாக வட்டமடிக்கச் செய்யுங்கள். 60-ல் அம்புகள் இடைவெளி விட்டுவிட்டுத் தாவுவது தெரியும். 144-ல் அந்த இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். அது தெரிந்தால் உங்கள் கண்ணும் நன்றாக இருக்கிறது, மானிட்டரும் நன்றாக இருக்கிறது.

கேள்வி: 3200 என்று பெட்டியில் அச்சிட்டிருந்த டிடிஆர்4 ராம், டாஸ்க் மேனேஜரில் 2133 என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. அந்த வகை ராம் முதலில் பொதுத் தரத்துக்குரிய குறைந்த வேகத்தில்தான் விழித்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் வேகத்துக்குக் கொண்டுபோக, கணினி தொடங்கும்போதே நுழையக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும். சில மதர்போர்டுகளில் அது வேறு பெயரில் இருக்கும். பயாஸ் வரைக்கும் போகிறவர், திரும்பும் வழியில் கணினிப் பெட்டியையும் திறந்து பார்த்துவிடலாம். நான்கு இடங்கள் உள்ள போர்டில் இரண்டு ராம்களை அடுத்தடுத்துச் செருகியிருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் இரட்டைப் பாதை (டூயல் சேனல்) வேலை செய்யாது. பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களே சரியானவை.

கேள்வி: வாங்கி ஒன்றரை வருடம் ஆன மவுஸ், ஒருமுறை அழுத்தினால் இரண்டுமுறை க்ளிக் செய்கிறது. புதிது வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லையா?

பதில்: இந்த நோய் எனக்கு நன்றாகப் பழக்கமானது. ஒரு கோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கைநழுவி, சம்பந்தமில்லாத ஃபோல்டருக்குள் விழுந்து காணாமல் போகும். விளையாட்டில் குறிபார்க்கும் கண்ணாடியைத் திறப்பதற்காக வலது பொத்தானை அழுத்திப் பிடித்தால், திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்ளும். கை நடுங்குகிறதோ என்று முதலில் நம்மையே சந்தேகிப்போம்.

பொத்தானுக்கு அடியில் இருக்கும் சிறிய ஸ்விட்சுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று வில்லாக வளைந்து நிற்கிறது. அழுத்தும்போது அது சடக்கென்று மடங்கி, எதிரே உள்ள முனையைத் தொடுகிறது. தொட்டவுடன் அடங்கி நிற்பதில்லை. தரையில் விழுந்த நாணயம்போல் நுண்ணிய அளவில் சிலமுறை துள்ளிய பிறகே அமர்கிறது. அந்தத் துள்ளல்களைத் தனித்தனி க்ளிக் என்று எடுத்துக்கொள்ளாமலிருக்க, மவுஸ் சில மில்லிவினாடிகள் பொறுத்திருக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. நாளடைவில் தகடு தளர்ந்து, முனையும் தேய்ந்தோ அழுக்கேறியோ போகும்போது துள்ளல் நீள்கிறது. மவுஸ் காத்திருக்கும் நேரத்தையும் அது தாண்டிவிட்டால், நாம் ஒன்று கொடுக்க அது இரண்டாக எண்ணிக்கொள்கிறது. பெட்டியில் 2 கோடி, 5 கோடி க்ளிக் என்று போட்டிருப்பதை நம்பி, நமக்கு இன்னும் ஒரு கோடி பாக்கி இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள்.

முதலில் மவுஸின் மென்பொருளைத் திறந்து, டிபவுன்ஸ் நேரம் (மவுஸ் பொறுத்திருக்கும் அந்த நேரம்) என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைச் சற்றுக் கூட்டினால் சில மாதங்களுக்குத் தப்பிக்கலாம். நிரந்தரத் தீர்வு ஸ்விட்சை மாற்றுவதுதான். மூன்று கால்கள் கொண்ட அந்த ஸ்விட்ச் பெரும்பாலான மவுஸ்களில் ஒரே அளவில் இருப்பதால், சால்டரிங் தெரிந்த எவரும் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார். ஆனால் திறக்கும்போது கவனம் வேண்டும். அடிப்பக்கத்தில் திருகுகளே கண்ணில் படாது. வழுக்குவதற்காக ஒட்டப்பட்டிருக்கும் பட்டைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். நான் முதன்முதலாகத் திறந்தபோது திருகுகளையெல்லாம் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் மேல்மூடியை வெடுக்கென்று இழுத்தேன். மேல்மூடியையும் கீழ்ப்பலகையையும் இணைத்துக்கொண்டிருந்த பட்டைக் கேபிள் கிழிந்து கையோடு வந்துவிட்டது. ஸ்விட்ச் மாற்றினால் பிழைத்திருக்க வேண்டிய அந்த மவுஸ் இன்றும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அடுத்து வாங்குவதாக இருந்தால் ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ளதைப் பாருங்கள். அதில் உலோகம் உலோகத்தைத் தொட்டு க்ளிக்கைப் பதிவுசெய்வதில்லை. ஒளிக்கற்றை திறப்பதும் மறைவதும்தான் கணக்கு என்பதால் துள்ளலுக்கு இடமில்லை.

கேள்வி: பல வண்ணங்களில் ஒளிரும் ஆர்ஜிபி விளக்குகள் உள்ள ராம் வேகமாக இயங்குமா?

பதில்: இயங்காது. இருட்டில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன், நீல ஸ்விட்ச். இரவில் விளையாடினால் வீட்டில் ஒருவரும் தூங்க முடியவில்லை என்கிறார்கள். சிவப்புக்கு மாறினால் விளையாட்டு பாதிக்குமா?

பதில்: பாதிக்காது, பலருக்குக் கை இலேசாவதும் உண்டு. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையில் தொடங்கி, மற்றவர்களும் பின்பற்றும் நிறக்கணக்கு இது. சிவப்பு 45 சென்டிநியூட்டன் விசையில் தடையின்றி நேராக இறங்கும். மொத்தம் 4 மில்லிமீட்டர் பயணத்தில் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும். நீலத்தில் ஏறத்தாழ 60 சென்டிநியூட்டன் தடை ஒன்றைத் தாண்ட வேண்டும், தாண்டும்போது டக்கென்று ஒலியும் எழும். அதோடு, பதிவாகும் புள்ளியும் விடுபடும் புள்ளியும் நீலத்தில் வெவ்வேறு என்பதால் ஒரே பொத்தானை வேகமாக இருமுறை தட்டுவது கடினம். நீளமாகக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அந்த ஒலி பிடித்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பத்தியை நானே நீல ஸ்விட்சில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். விளையாட உட்காரும்போது அதை எடுத்து வைத்துவிடுவேன், ஏனென்றால் என் மைக் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்ட அணித்தோழர்கள் ஒருமுறை என்னையே ஊமையாக்கிவிட்டார்கள்.

சிவப்பு வாங்கினாலும் வீடு முழு அமைதியாகிவிடாது. பொத்தான் அடித்தட்டில் மோதும் ஒலி அப்படியேதான் இருக்கும். கீபோர்டுக்கு அடியில் தடித்த விரிப்பு ஒன்றைப் போட்டால் மேசை அதிர்வது குறையும்.

கேள்வி: முதல் இருபது நிமிடம் 90 எஃப்பிஎஸ். பிறகு 40-க்கு இறங்கிவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

பதில்: தொடக்கத்தில் 90 கொடுக்கிற கார்டுக்குத் திறமை இல்லை என்று எப்படிச் சொல்வது? இருபது நிமிடம் என்பது சூடேறுவதற்குப் பிடிக்கும் நேரம். பல ப்ராசஸர்கள் 95 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டுக்கும் அப்படி ஒரு வரம்பு உண்டு. வெப்பநிலையைக் காட்டும் மென்பொருளைத் திரையின் ஓரத்தில் ஓடவிட்டு விளையாடுங்கள். எஃப்பிஎஸ் சரியும் நேரமும் வெப்பம் உச்சிக்குப் போகும் நேரமும் ஒன்றாக இருந்தால், தேவைப்படுவது ஒரு தூரிகைதான்.

தூசி மின்விசிறியின் இறக்கையில் இருப்பதைவிட, விசிறிக்கும் அதன் பின்னால் உள்ள உலோகத் தகடுகளுக்கும் நடுவில்தான் அதிகம் சேரும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். என் கணினியில் விசிறியைக் கழற்றியபோது, கம்பளித் துண்டு ஒன்றை வெட்டி வைத்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் முழுசாக உரிந்து வந்தது. காற்றடித்துச் சுத்தம் செய்வதானால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். அதைக் காற்றில் தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும். அப்போதும் சூடு தணியவில்லை என்றால், ப்ராசஸருக்கும் அதன் மேலிருக்கும் கூலருக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். நீங்களே பொருத்திய கணினி என்றால் கூலரின் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

கேள்வி: பவர் சப்ளையை மட்டும் மாற்றுகிறேன். பழைய கேபிள்கள் ஏற்கெனவே அழகாகக் கட்டப்பட்டிருக்கின்றன. புதியதிலும் அவை பொருந்துகின்றன. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. கேபிளின் ஒரு முனை, அதாவது மதர்போர்டிலும் டிஸ்க்கிலும் செருகும் முனைதான் எல்லோருக்கும் பொதுவான தரம். பவர் சப்ளையில் செருகும் முனையில் எந்தக் கம்பியில் எந்த வோல்ட் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வேறுபாடு வரலாம். வடிவம் பொருந்துவதால் செருகிவிடுவோம். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் பாயும். நான் இப்படித்தான் ஒரு ஹார்ட் டிஸ்க்கை, ஆறு வருடப் புகைப்படங்களோடு, ஒரே நொடியில் இழந்தேன். கட்டியதை அவிழ்த்து, புதிய பெட்டியில் வந்த கேபிள்களையே போடுங்கள்.

80 பிளஸ் கோல்டு என்றால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றித் தருகிறது என்பதற்கான சான்று. 90 சதவீதத் திறனில் 450 வாட் கொடுக்கும்போது சுவரிலிருந்து 500 வாட் எடுக்கும், மீதி 50 வாட் வெப்பமாகப் போகும். உள்ளே உள்ள பாகங்களின் ஆயுளைப் பற்றியோ பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றியோ அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை; அதற்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள்.

கேள்வி: என் மகன் 7.1 ஹெட்செட் இல்லாவிட்டால் எதிரி பின்னால் வருவது காதில் விழாது என்கிறான். வீட்டில் நல்ல சாதாரண ஹெட்போன் இருக்கிறது. அவன் சொல்வது உண்மையா?

பதில்: அம்மா, 7.1 என்றால் ஏழும் ஒன்றுமாக எட்டு ஒலி வழிகள். அந்த வகை ஹெட்செட்களில் மிகப் பலவற்றில் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கிறது, மீதி ஆறும் மென்பொருள் செய்யும் கணக்கு. ஒலி ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்துசேரும் நேர வேறுபாடு, அளவு வேறுபாடு, காதுமடலில் பட்டு மாறும் விதம் ஆகியவற்றைக் கொண்டே நாம் திசையை உணர்கிறோம். அந்தக் கணக்கைப் பல விளையாட்டுகள் தாமே செய்து சாதாரண ஹெட்போனுக்கும் அனுப்புகின்றன. ஒலி அமைப்பில் ஹெட்போன் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதன்மேல் 7.1-ஐயும் இயக்கினால் ஒரே கணக்கு இரண்டுமுறை நடந்து, திசை கலங்கித்தான் போகும். இருக்கிற ஹெட்போனைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, காலடி எந்தப் பக்கம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். சரியாகக் காட்டிவிடுவான். அந்த ஹெட்போனில் மைக் இல்லை என்றால் மட்டும் அவன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதற்குத் தனி மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.