சாப்பாட்டைக் குறைத்தும் நாயின் எடை குறையவில்லையே, ஏன்?

கேள்வி: எங்கள் லேப்ரடார் ஜூலிக்கு 6 வயது. கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. எடை 38 கிலோ. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறாள். இரண்டு மாதமாகச் சாப்பாட்டைக் குறைத்துத்தான் வைக்கிறோம், ஒரு கிலோகூட இறங்கவில்லை. அவள் பார்க்கிற பார்வையில் பட்டினி போடவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பட்டினி போடவே வேண்டாம். முதலில் மூச்சு வாங்குவதைக் கவனிப்போம். குண்டாக இருப்பதால்தான் என்று நாமாகவே முடிவுகட்டிவிடக் கூடாது. இதயம், நுரையீரல் இரண்டையும் மருத்துவர் பரிசோதிக்கட்டும். அப்போதே தைராய்டு குறைபாட்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அளவாகச் சாப்பிட்டும் எடை ஏறுவதற்கு அது ஒரு காரணம். அரிப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரையோ வலிப்புக்கு மருந்தோ கொடுத்து வந்தால் அதையும் சொல்லுங்கள். இரண்டுமே பசியைத் தூண்டும்.

பரிசோதனையில் எதுவும் இல்லையென்றால், நீங்கள் தட்டில் குறைத்தது வேறு வழியில் அவள் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பாசமுள்ள வீடுகளில்தான் இது நடக்கும். காலையில் ஒருவர் பிஸ்கட் கொடுப்பார், மாலையில் இன்னொருவர் தன் தட்டிலிருந்து ஒரு வாய் கொடுப்பார். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். பெண் லேப்ரடாருக்கு 25 முதல் 32 கிலோ வரை இருக்கலாம். ஜூலிக்கு 30 கிலோவை இலக்காக வைத்துக்கொள்வோம். எடை குறைப்பைத் தொடங்க அந்த இலக்குக்கு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி. இதில் தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதாவது 90 கலோரி. 30 கிராம் சீஸ் துண்டு ஒன்றே 120 கலோரி! நமக்கு ஒரு கடி, அவளுக்கோ ஒரு நாள் கணக்கே முடிந்துபோகிறது.

அதனால் ஒரு டப்பா எடுங்கள். காலையில் அன்றைய முழு உணவையும் கிராம் காட்டும் சமையலறைத் தராசில் நிறுத்து அதில் போட்டுவிடுங்கள். கப்பால் அளக்க வேண்டாம், ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு அளவு வரும். யார் எது கொடுக்க ஆசைப்பட்டாலும் அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். வெள்ளரி, கேரட், வேகவைத்த பீன்ஸ் கொஞ்சம் கொடுக்கலாம். திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு கலந்த எதுவும் நாய்க்கு விஷம், மறந்தும் வேண்டாம்.

இப்போது கொடுக்கும் உணவையே பாதியாக வெட்டிவிடாதீர்கள். கலோரியோடு புரதமும் சத்துகளும் குறைந்து தசை கரையும். எடை குறைப்புக்கென்றே புரதமும் நார்ச்சத்தும் கூட்டித் தயாரித்த உணவு கிடைக்கிறது. மருத்துவரிடம் கேட்டு, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

அந்தப் பார்வையைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்தும் பிஓஎம்சி மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்று 2016இல் கண்டறிந்தார்கள். கருத்தடைக்குப் பிறகு உடலின் கலோரித் தேவையும் குறைகிறது. எனவே அவள் கெஞ்சுவதெல்லாம் பட்டினியால் அல்ல. 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள். மற்றவற்றுக்கு 11.2. மனம் இளகும்போது இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது.

நடைப்பயிற்சி வேண்டும், ஆனால் இப்போதே ஓட வைக்காதீர்கள். மருத்துவர் சரி என்றதும், வெயில் இல்லாத நேரத்தில் பத்துப் பத்து நிமிடம் இரண்டு வேளை போதும். மூட்டுவலி இருந்தால் நீச்சல் நல்லது.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவள் எடையைப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே எடை மேடையில். வாரத்துக்கு 400 முதல் 700 கிராம் குறைந்தால் சரியாகப் போகிறது. ஆறு மாதம் பிடிக்கலாம். அடுத்தடுத்து இரண்டு முறை எடை அசையவில்லையென்றால் உணவில் 10 சதவீதம் குறைக்கலாம், அதற்கு மேல் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

தராசைவிட உங்கள் விரல்கள் நன்றாகச் சொல்லும். கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, அப்படி அவள் விலா தட்டுப்பட வேண்டும். உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் இன்னும் குறைய வேண்டும், மடக்கிய கைமுட்டி போல உறுத்தினால் அதிகமாகவே குறைந்துவிட்டது. புறங்கை போல ஆகிற அன்றைக்கு எடை 30 கிலோவைத் தொடாவிட்டாலும் போதும். அப்போதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடாமல் 10 சதவீதம் மட்டும் கூட்டி, எடை அங்கேயே நிற்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள். டப்பா அதன் இடத்திலேயே இருக்கட்டும்.