ஒரே வீட்டில் ஒரே சோறு சாப்பிடும் அண்ணன் தம்பியில் ஒருவருக்கு மட்டும் ஏன் சுகர்?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சுகர் வந்தவர் நீங்கள்தான். "வாயைக் கட்டு" என்று வீட்டில் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பதினொரு வருடமாக இதே பாட்டுதான்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். என் எடை 58 கிலோ, வயலுக்கு நடந்தே போகிறவன். அண்ணன் 90 கிலோவைத் தாண்டியவர், காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கேட்பார். 41 வயதில் சுகர் வந்தது எனக்கு. "கண்டதையும் தின்றிருப்பான்" என்று அத்தை கல்யாணப் பந்தியிலேயே சொல்வார், என் இலைக்குப் பாயசம் வரும்போது சரியாக.

போன பொங்கலன்று பொறுக்க முடியவில்லை. குளுக்கோமீட்டரைத் திண்ணையில் வைத்தேன். அண்ணி இரண்டு இலையிலும் ஒரே அளவு வெள்ளைப் பொன்னிச் சோறு, ஒரே கரண்டி சர்க்கரைப் பொங்கல் போட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால், மாத்திரை போட்டும் எனக்கு 261. அண்ணனுக்கு 124. "மெஷின் கெட்டுப்போச்சுடா" என்று அவரே இன்னொரு விரலை நீட்டினார். 121. அத்தை இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

நான் டாக்டர் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். கூடப்பிறந்தவர்களுக்குள் மரபணு வேறுபாடுகளில் சராசரியாகப் பாதிதான் பொது. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவைச் சுகரோடு தொடர்புபடுத்தினார்கள். அதன் ஒரு வகை இருந்தால் கணையம் இன்சுலின் சுரப்பது குறைகிறது. இப்படிச் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எது யாருக்கு வந்தது என்பது சீட்டுக் குலுக்கல்.

இன்னொன்றும் உண்டு, என்னை உறுத்துவது இதுதான். அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா பழங்குடிக் குடும்பங்களில் பார்த்தார்கள். தாய்க்குச் சுகர் வருமுன் பிறந்த பிள்ளையைவிட, வந்தபின் பிறந்த பிள்ளைக்கு அது அதிகமாக வந்தது. தாயும் தகப்பனும் ஒன்றே, வயிற்றில் இருந்த காலம்தான் வேறு. என்னைச் சுமந்தபோது அம்மா சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். அண்ணனைச் சுமந்தபோது அப்படி இல்லையாம்.

"மரபணு மேல் பழியைப் போட்டு ஜாங்கிரி தின்னப் பார்க்கிறான்" என்று எழுத வருகிறவர்களுக்கு: சோற்றைப் பாதியாக்கி, காயை ஏற்றி, சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடந்துதான் ஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8.9இலிருந்து 7.1க்கு வந்திருக்கிறேன். மாத்திரையை நான் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். போன குறுவையில் எங்கள் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு எட்டு நாள் காத்துக் கிடந்தேன். மழை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று தள்ளினார்கள். அறுத்துக் கொண்டுவந்தபோது காய்ந்த நெல்லை வெட்டவெளியில் நனையவிட்டது யார்? மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்ததும் ஈரம் தானாகக் காய்ந்துவிட்டது! அந்த வாரம் வெறும் வயிற்றில் எனக்கு 190. மாத்திரையும் சோறும் மாறவில்லை. கவலையில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறினால் ஈரல் தன் பங்குக்குச் சர்க்கரையை அவிழ்த்துவிடுமாம். இதையும் என் வாய்க் கணக்கில்தான் எழுதினார்கள்.

சரி, உங்கள் விஷயம். ஒரு மாதம் சாப்பாட்டுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி வையுங்கள். இட்லிக்கு எவ்வளவு, சோற்றுக்கு எவ்வளவு என்று உங்கள் உடம்பின் கணக்கு தெரியும், டாக்டருக்கும் உதவும். அண்ணனையும் வருடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். என் அண்ணன் மாசியில் முதல் தடவையாக ஏ1சி எடுத்தார். 5.8, அதாவது சுகருக்கு முந்தைய எல்லைக்கோடு. அத்தையிடம் மட்டும் சொல்லிவிடாதே என்கிறார்.