டிப்ளமோவுக்கு மதிப்பு உண்டா?

கே: பையன் பத்தாவது பாஸ். மெக்கானிக்கல் டிப்ளமோதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அதற்கு இப்போது மதிப்பு இருக்கிறதா? - வாசகி, திண்டுக்கல்

ப: இருக்கிறதம்மா. 3 வருடப் படிப்பு, முடித்தால் ரயில்வே ஜூனியர் இன்ஜினீயர் தேர்வே எழுதலாம், பி.இ. ஆசை வந்தால் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், பிளஸ் டூ வழியாகப் போகிறவனும் இவனும் ஒரே வருடம்தான் வெளியே வருவார்கள். ஆரம்பச் சம்பளம் சுமார்தான், மறைப்பானேன். ஆனால் கல்லூரியைப் பார்த்துச் சேருங்கள். ஒர்க்‌ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், இரும்பைக் கடையும் லேத் மெஷினுக்கு அடியில் புதிதாக இரும்புச் சுருள் கிடந்தால் சரி, மெஷின் மேல் தூசிதான் படிந்திருக்கிறது என்றால் பஸ், ஹாஸ்டல் என்று என்ன பேசினாலும் அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டுங்கள். அப்புறம், டாக்டர் கனவு ஏதும் இருந்தால் பிளஸ் டூதான், வேறு வழியில்லை.