எம்.சி.சி. கோர்ஸ்: எதைப் பார்த்துப் பணம் கட்டுவது?

குடியாத்தத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். மகள் வட இந்தியாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் 200 மணி நேரம் பறந்து சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) வாங்கிவிட்டாள். மல்டி எஞ்சின் (பல எஞ்சின் விமானம் ஓட்ட), இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட) ரேட்டிங் இரண்டும் கையில் இருக்கின்றன. "அடுத்து எம்.சி.சி. (இரு விமானிகள் சேர்ந்து ஓட்டப் பழகும் பயிற்சி) முடித்தால்தான் ஏர்லைனில் சேரலாம் என்கிறார்கள். மூன்று இடங்களில் விசாரித்தோம். ஒன்று பெங்களூருவில், 5 நாள், கட்டணம் குறைவு. இன்னொன்று குருகிராமில், ஏ320 சிமுலேட்டரில், ஜெட் ஓரியன்டேஷனும் சேர்த்து. மூன்றாவது ஐரோப்பாவில், 40 மணி நேரம். எது நல்லது? ஏற்கெனவே நிலத்தை அடமானம் வைத்தாயிற்று, இனி தப்பான இடத்தில் பணம் கட்ட முடியாது" என்கிறார்.

டீச்சரம்மா, முதலில் ஒன்று: இந்த மாதம் மூன்றிலும் கட்டாதீர்கள்.

எம்.சி.சி.யைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்பதே எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. விமான நிறுவனங்களே ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்கும் கேடட் திட்டங்கள் பலவற்றில் இந்தப் பயிற்சி மொத்தத் தொகைக்குள்ளேயே வந்துவிடும். டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு ரக விமானத்தை ஓட்டும் தகுதி) தரும் இடங்கள் சிலவும் இரண்டையும் சேர்த்தே நடத்துகின்றன. ஐரோப்பிய விதியிலேயே அதற்கு இடம் உண்டு: இரண்டையும் ஒரே ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டரில் சேர்த்து நடத்தினால் எம்.சி.சி. செய்முறை நேரத்தை 10 மணி வரை குறைத்துக்கொள்ளலாம். ஆகவே மகள் எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறாளோ, அதன் வேலைவாய்ப்பு அறிவிப்பில் தகுதி என்ற பகுதியை வரி வரியாகப் படியுங்கள். எம்.சி.சி. சான்றிதழ் வேண்டும் என்று எழுதியிருந்தால் கட்டத்தான் வேண்டும். எழுதவில்லை என்றால், தரகர் பேச்சைக் கேட்டு முன்கூட்டியே கட்ட அவசரமில்லை. தேர்வுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் செய்வதுதான் லாபம். இந்தப் பழக்கம் கை விட்டால் போய்விடும். ஒன்றரை வருடத்துக்கு முன் வாங்கிய சான்றிதழோடு ஸ்க்ரீனிங் சிமுலேட்டரில் வந்து உட்கார்ந்து முழித்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, கட்டத்தான் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். எதைப் பார்ப்பது என்று சொல்வதற்கு முன், இது என்ன பயிற்சி என்று உங்களுக்குக் கொஞ்சம் தெரிய வேண்டும். எம்.சி.சி., அதாவது மல்டி க்ரூ கோஆப்பரேஷன் என்பது விமானம் ஓட்டச் சொல்லித்தரும் கோர்ஸ் அல்ல. ஓட்ட உங்கள் மகளுக்கே தெரியும். தனியாக ஓட்டிய பழக்கத்தை மறக்கவைக்கும் கோர்ஸ் அது. சின்ன விமானத்தில் 200 மணி நேரமும் அவள்தான் ஓட்டினாள், அவள்தான் ரேடியோவில் பேசினாள், அவள்தான் செக்லிஸ்ட் பார்த்தாள். பெரிய விமானத்தில் ஒருவர் ஓட்டுவார். மற்றவர் ரேடியோ, செக்லிஸ்ட் எல்லாம் பார்த்துக்கொண்டு, ஓட்டுபவரையும் கண்காணிப்பார். முன்னவர் பைலட் ஃப்ளையிங், பின்னவர் பைலட் மானிட்டரிங்.

நான் ஏர்லைனில் பயிற்சி கேப்டனாக இருந்தபோது நடந்த ஒரு காலைப் பொழுதைச் சொல்கிறேன். இரண்டு பையன்கள், இருவருமே கெட்டிக்காரர்கள். சிமுலேட்டரில் டேக்ஆஃப். விமானம் தரையை விட்டதும் மானிட்டரிங் பையன் "பாசிட்டிவ் க்ளைம்ப்" என்று சொல்ல வேண்டும், ஓட்டுபவன் "கியர் அப்" (சக்கரத்தைத் தூக்கு) என்று கேட்க வேண்டும், அப்புறம்தான் மானிட்டரிங் பையன் கை லீவருக்குப் போக வேண்டும். இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டிய பையன் தானே கையை நீட்டி கியரைத் தூக்கிவிட்டான். 20 விநாடி கழித்து 7000 அடிக்கு ஏறச் சொல்லி ரேடியோவில் உத்தரவு கொடுத்தேன். ஆட்டோபைலட் போடவில்லை, கையால்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். "செட் 7000" என்று பக்கத்திலிருப்பவனிடம் கேட்க வேண்டியவன், ஒரு கையை எடுத்து அவனே பட்டனைத் திருப்பினான். திரும்பியது 8000-த்தில் போய் நின்றது. பக்கத்துப் பையன் அப்போது குனிந்து ஃபிளாப் வேகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். 7600 அடியில் சிமுலேட்டரை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: "யார் சொன்னது, யார் வைத்தது, யார் பார்த்தது?" இருவரிடமும் பதில் இல்லை.

அந்த மூன்று கேள்விக்கும் பதில் வரவைப்பதுதான் எம்.சி.சி. இதை ஐந்து லட்சம் ரூபாய் சிமுலேட்டரிலும் சொல்லித்தரலாம், ஐம்பது கோடி ரூபாய் சிமுலேட்டரிலும் சொல்லித்தராமல் விடலாம். அதனால்தான் விளம்பரத்தில் இருக்கும் சிமுலேட்டர் படத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஆடி அசையும் ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டர் எம்.சி.சி.க்குக் கட்டாயமே இல்லை. அசையாத, ஆனால் இரண்டு இருக்கையும் இரண்டு பக்கக் கருவிகளும் உள்ள பயிற்சிக் கருவியை ஐரோப்பிய விதியே ஒப்புக்கொள்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, யார் சொல்லித்தருகிறார் என்பது. ஏர்லைனில் ஓட்டியவரா, எத்தனை வருடம், எந்த விமானம்? நேற்று எம்.சி.சி. முடித்துவிட்டு இன்று அங்கேயே வேலைக்கு நிற்கும் பிள்ளையா? இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல இடத்தில் கேட்டால் சந்தோஷப்பட்டுப் பெயரோடு சொல்வார்கள். "எங்கள் பேனலில் நிறைய கேப்டன்கள் இருக்கிறார்கள்" என்று மழுப்பினால் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது, டீப்ரீஃபிங். சிமுலேட்டரை விட்டு இறங்கியதும் உட்கார்ந்து நடந்ததைப் பேசும் நேரம். 4 மணி நேர செஷனுக்கு ஒரு மணி நேரமாவது பேச வேண்டும். வெள்ளைப் பலகையில் நேரவாரியாக எழுதி, "இந்த இடத்தில் நீ ஏன் பேசவில்லை" என்று கேட்பவர் கிடைத்தால் அதுவே பாதிப் படிப்பு. "நல்லாப் பண்ணீங்க, நாளைக்குப் பார்க்கலாம்" என்று கிளம்புகிறவரிடம் கொடுத்த பணம் வீண்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வீடுகளில் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறோம்? பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. நீங்கள் ஆசிரியை, உங்கள் வகுப்பிலும் அதுதான் ஒழுக்கம். காக்பிட்டில் அந்த ஒழுக்கம் ஆளைக் கொன்றுவிடும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் போனார்கள், 8 பேர் தப்பினார்கள். ஓடுதளத்தை நெருங்கும்போதே விமானம் உயரமாக, நிலைகுலைந்த அப்ரோச்சில் வந்துகொண்டிருந்தது. துணை விமானி மூன்று முறை கோ அரவுண்ட் (இறங்காமல் மேலே ஏறிவிடுங்கள்) சொன்னார், தரை எச்சரிக்கைக் கருவியும் கத்தியது, கேப்டன் தொடர்ந்து இறக்கினார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. துணை விமானி சொன்னாரே தவிர கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை. எடுக்கலாமா கூடாதா என்று விதிகளில் இருந்த குழப்பமும் காரணமாக இருக்கலாம் என்றும் அதே அறிக்கை குறித்திருக்கிறது.

இந்தப் படிப்பு பிறந்த கதையும் இப்படித்தான். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டில் யுனைடெட் நிறுவனத்தின் ஒரு டி.சி-8 விமானம், சக்கரக் கோளாறில் கேப்டன் மூழ்கியிருந்தபோது எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவது காக்பிட்டில் இருந்த துணை விமானிக்கும் ஃப்ளைட் எஞ்சினியருக்கும் தெரியும், கேப்டன் காதில் விழும்படி அழுத்திச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே நாசா இதற்கென ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-ல் அந்த யுனைடெட் நிறுவனமே காக்பிட் ஒத்துழைப்புப் பயிற்சியைத் தொடங்கியது.

அதனால் போனில் இதையும் கேளுங்கள்: "பயிற்றுநர் வேண்டுமென்றே தப்பு செய்யும் கேப்டனாக நடிப்பாரா? என் மகள் அவரை எதிர்த்துப் பேச வேண்டிய செஷன் உண்டா?" உண்டு என்றால் அந்த இடத்துக்கு என் ஓட்டு.

இப்போது அந்த 5 நாள் விளம்பரம். ஐரோப்பிய விதியில் எம்.சி.சி. என்றால் வகுப்பு 25 மணி, செய்முறை 20 மணி குறைந்தபட்சம். நம் நாட்டு கோர்ஸ்களுக்கும் அதை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். 20 மணியை 5 நாளில் முடித்தால் நாளுக்கு 4 மணி சிமுலேட்டர். முன்னும் பின்னும் பேச ஒன்றரை மணி. வகுப்பு 5 மணி. மொத்தம் பத்தரை மணி, ஐந்து நாளும். மகள் தாங்குவாள், மண்டையில் ஏறுமா என்பது வேறு விஷயம். வகுப்பை முன்னதாகவே வீட்டிலிருந்து முடிக்க வைக்கிறார்கள் என்றால் 5 நாள் நியாயம்தான். இல்லையென்றால் ஏதோ ஒன்றை வெட்டுகிறார்கள், வெட்டுப்படுவது பெரும்பாலும் டீப்ரீஃபிங்தான்.

அந்த 20 மணி என்பதும் இரண்டு பேர் சேர்ந்து உட்காரும் நேரம். பாதியில் ஓட்டுவாள், பாதியில் கண்காணிப்பாள். "பத்து மணிதான் ஓட்டினேன், ஏமாற்றிவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போக வேண்டாம்; கண்காணிப்பதுதான் அவள் முதலில் கற்க வேண்டிய வேலை. ஆனால் ஜோடி யார் என்று கேளுங்கள். கூட ஆள் கிடைக்காமல் பயிற்றுநரே பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பேற்றினால் படிப்பு பாதியாகிவிடும். அவளோடு சி.பி.எல். முடித்த தோழி யாராவது இருந்தால் இருவரும் சேர்ந்தே பதிவு செய்யட்டும். ஒரு வாரம் முன்பே இரண்டு நாற்காலி போட்டு, காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, "பாசிட்டிவ் க்ளைம்ப், கியர் அப்" என்று சொல்லிப் பழகட்டும். அக்கம்பக்கம் சிரிப்பார்கள், பரவாயில்லை.

குருகிராம் கோர்ஸில் சேர்த்திருக்கும் ஜெட் ஓரியன்டேஷன் வேறு சரக்கு. ஜெட்டின் வேகம், உயரம், இறங்கத் திட்டமிடுவது பற்றியது. நல்லதுதான், ஆனால் எம்.சி.சி. மணிக்கணக்கோடு அதைக் கலந்து காட்டக்கூடாது. எதற்கு எத்தனை மணி என்று பிரித்து எழுதி வாங்குங்கள்.

ஐரோப்பா 40 மணி என்பது ஏ.பி.எஸ். (ஏர்லைன் பைலட் ஸ்டாண்டர்ட்) எம்.சி.சி. வகையாக இருக்க வேண்டும். சாதாரண எம்.சி.சி.க்கு முடித்ததற்கான சான்று மட்டும்; இதில் மதிப்பீடு உண்டு, தேறவும் வேண்டும். தரமான படிப்பு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மகள் வைத்திருப்பது டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) உரிமம், இந்திய நிறுவனத்துக்குத்தான் போகிறாள். அங்கே போய்ப் படிக்கும் காசை டைப் ரேட்டிங்குக்கு எடுத்து வையுங்கள். எந்த இடமானாலும் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனமும், அந்தக் குறிப்பிட்ட கோர்ஸும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

மூன்றில் என் தேர்வு கேட்டால்: வகுப்பை முன்கூட்டி முடிக்க வைத்து, ஏர்லைன் கேப்டன் ஒருவரைப் பெயரோடு சொன்னால் பெங்களூரு. சொல்லாவிட்டால் குருகிராம், ஜெட் பகுதி இல்லாமல் கட்டணம் கேட்டுப் பார்த்து.

பெங்களூரு என்றால் இன்னொன்று. குடியாத்தத்திலிருந்து ரயிலில் தினமும் போய்வரலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். வேண்டாம். சிமுலேட்டர்கள் 24 மணி நேரமும் ஓடுபவை, எம்.சி.சி. பிள்ளைகளுக்கு இரவு 2 மணி ஸ்லாட் விழுவது சகஜம். பயிற்சி மையம் தேவனஹள்ளி பக்கம் என்றால் பெங்களூரு நகரத்திலிருந்தே ஒரு மணி நேரத்துக்கு மேல். பக்கத்திலேயே நல்ல லாட்ஜாகப் பார்த்து, பகலில் தூங்க வசதியாக இருட்டான அறை வேண்டும் என்று சொல்லியே பிடியுங்கள்.