பங்குனிக் குளிரில் அடித்தண்ணீர் மீன்

கேள்வி: ஐயா, நான் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். சிறுவயதில் ஊர்க் குளத்திலும் வாய்க்காலிலும் தக்கை கட்டித் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. செயற்கை ஈ கட்டி வீசும் தூண்டிலை இரண்டு ஆண்டுகளாகத்தான் கையில் எடுத்திருக்கிறேன். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று நண்பரும் நானும் டிரவுட் மீனுக்காக ரட்லண்ட் நீர்த்தேக்கத்தில் படகு எடுத்தோம். காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணிக்குள் ஆறு இடங்கள் மாறினோம், இருபது ஈக்களையாவது மாற்றிக் கட்டியிருப்போம். இருவரிடமும் இருந்தது மிதக்கும் கயிறு. இரண்டு முறை ஏதோ தட்டியதோடு சரி. சென்ற ஜூனில் அதே இடத்தில், அதே ஈக்களுக்கு ஐந்து மீன்கள் கிடைத்தன. மீனே இல்லையா, எங்கள் முறையில் பிழையா?

பதில்: மீன் இருந்தது. உங்கள் ஈக்கள் அதன் தலைக்கு மேலே வெகு உயரத்தில் போய்க்கொண்டிருந்தன என்பதே என் கணிப்பு. இடத்தையும் ஈயையும் ஓயாமல் மாற்றிய நீங்கள், நாள் முழுவதும் ஆழத்தை மட்டும் மாற்றவே இல்லை.

இந்தப் பருவத்து நீரின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகுந்த அடர்த்தி கொள்கிறது. குளிர்காலம் முழுவதும் காற்று அதைப் புரட்டிக் கலந்துகொண்டே இருப்பதால், மார்ச் மாதத்தில் பெரிய நீர்த்தேக்கங்களில் மேல்நீருக்கும் அடிநீருக்கும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. ஆகவே மேலே வருவதால் மீனுக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை. டிரவுட் குளிர்ந்த நீருக்கு உரிய மீன்தான். ஆனாலும் அதன் உடல்வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையே ஒட்டி இருப்பதால், ஐந்தாறு டிகிரியில் செரிமானம் மந்தப்பட்டு, பசியும் குறைந்து, ஜூன் மாதத்தில் விரட்டிப் பிடிக்கும் இரையை இப்போது கண்ணெதிரே போனாலும் விட்டுவிடுகிறது.

இரையும் அடியில்தான் இருக்கிறது. இங்குள்ள தூண்டில்காரர்கள் ‘பஸ்ஸர்’ என்று சொல்லும், கொசுவைப் போலிருந்தாலும் கடிக்காத பூச்சியின் புழுக்கள் அடிச்சேற்றில் வாழ்கின்றன. ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைத்திருக்க உதவும் ஹீமோகுளோபின், நம் இரத்தத்தைப் போலவே, அவற்றில் பலவற்றின் உடலையும் சிவப்பாக்கிவிடுகிறது. டிரவுட் இந்தப் புழுக்களையும், அவை கூட்டுப்புழுவாகி மேலெழத் தொடங்கும்போது அவற்றையும், சேற்றை ஒட்டியே மேய்ந்து தின்கிறது.

எனவே அடுத்த முறை அமிழும் கயிறு ஒன்றாவது கொண்டு செல்லுங்கள். கடைகளில் டி-3, டி-5, டி-7 என்று எண்ணிட்டு விற்பார்கள். அந்த எண், கயிறு ஒரு வினாடிக்கு எத்தனை அங்குலம் அமிழும் என்பதைக் காட்டுகிறது. டி-7 கயிற்றை வீசி இருபது வரை நிதானமாக எண்ணினால் ஈ ஏறத்தாழ பன்னிரண்டு அடி ஆழத்துக்குப் போயிருக்கும். முதல் வீச்சில் பத்து, அடுத்ததில் இருபது, அதற்கடுத்ததில் முப்பது என்று எண்ணி எண்ணி இழுத்துப் பாருங்கள். மீன் தட்டிய எண்ணை நண்பரிடம் உடனே சொல்லுங்கள், இருவரும் அந்த எண்ணிலேயே நில்லுங்கள். ஒரு ஏப்ரல் தொடக்கத்தில் நானும் உங்களைப் போலவே நண்பகல்வரை வெறுங்கையோடு இருந்தேன். உடன் வந்த முதியவர் முப்பத்தைந்து வரை எண்ணிவிட்டு இழுக்கத் தொடங்கியவர், ஒரு மணி நேரத்தில் மூன்று மீன்களைப் படகில் ஏற்றினார். அவர் கட்டியிருந்த ஈயும் என் ஈயும் ஒன்றே. அன்றிலிருந்து, முதலில் ஆழம், அதன்பின் இழுக்கும் வேகம், அதன்பின் இடம், கடைசியாகத்தான் ஈ என்ற வரிசையை நான் மாற்றியதில்லை.

வேகம் என்று சொன்னேன். காற்றில் நகரும் படகு தானாகவே ஈயின் மேல் ஏறி வருகிறது. கயிறு அமிழ்வதற்குள் படகு அதைக் கடந்துவிட்டால் எத்தனை எண்ணினாலும் பயனில்லை. நீருக்குள் குடைபோல் விரிந்து படகைப் பின்னிழுக்கும் டிரோக் துணியைக் கட்டாயம் இறக்குங்கள். காற்று அதற்கும் அடங்காமல் வீசினால் நங்கூரம் போட்டு நிற்பதே மேல். நங்கூரமிட்ட படகிலிருந்து நீண்ட தங்கூசியில் (ஈ கட்டும் மெல்லிய இழை) இரண்டு பஸ்ஸர் ஈக்களைக் கட்டி, இழுக்கிறோமா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்கு மெதுவாகக் கயிற்றைக் கைக்குள் சுருட்டுவது, இந்தக் குளிரில் எனக்கு மிகவும் பிடித்த முறை.

இடத்தைப் பொறுத்தவரை, ரட்லண்ட் 3,000 ஏக்கருக்கு மேல் பரந்த நீர். ஹாம்பிள்டன் தீபகற்பம் அதை வடக்குக் கை, தெற்குக் கை என்று பிரிக்கிறது. அணையருகே ஆழம் 30 மீட்டரைத் தாண்டும். அங்கே இப்போது மீனைத் தேடுவது வீண் உழைப்பு. வடகரையில் விட்வெல், பார்ன்ஸ்டேல் பக்கம் தெற்கு நோக்கிச் சரிவதால் பகல் வெயில் நேராக விழுகிறது. அங்கே பத்து முதல் இருபது அடி ஆழத்தில் தொடங்கச் சொல்வேன். பருவத் தொடக்கத்தில் புதிதாக விடப்பட்ட மீன்கள் கூட்டமாகவே திரிவதால், ஒன்று தட்டிய இடத்தில் இன்னும் பல இருக்கக்கூடும். குமரிக் கடற்கரை மீனவர்கள் கரையிலுள்ள கோயில் கோபுரத்தையும் பின்னாலுள்ள மலையையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக் ‘கணியம்’ பார்த்துக் கடலில் இடம் குறித்துக்கொள்வார்கள் அல்லவா? அதையே இங்கும் செய்யுங்கள். தென்கரையில் நீருக்குள் நிற்பதுபோல் தோன்றும் நார்மன்டன் தேவாலயக் கோபுரம் அதற்கு அருமையான அடையாளம். மீன் தட்டியதும் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, படகைச் சுற்றி ஓட்டி மீண்டும் அதே கோட்டில் நகர விடுங்கள். மீன்களின் மேலாகவே எஞ்சினை ஓட்டிப் போகாதீர்கள். உங்கள் ஆறு இடங்களில் ஏதோ ஒன்றில் தட்டிய அந்த இரண்டு மீன்களை விட்டு விலகிப் போனதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: மீன் பிடிக்க அதிகாலையே நல்லது என்று என் தந்தை சொல்வார். மார்ச் மாதத்தில் முதல் படகிலேயே கிளம்ப வேண்டுமா? (நார்தாம்டன் வாசகர்)

பதில்: உங்கள் தந்தை சொன்னது வெயில் நாட்டுக் குளத்துக்கு முற்றிலும் பொருந்தும். இங்கே இந்தப் பருவத்தில் பகல் பதினொன்று முதல் மூன்று வரைதான் நீர் சிறிதளவு சூடேறி, பஸ்ஸர்கள் கூடுடைத்து எழுகின்றன. காலையில் நன்றாக உண்டுவிட்டுக் கிளம்புங்கள். மிதவைச் சட்டையைக் கரையிலேயே அணிந்துகொள்ளுங்கள். இவ்வளவு குளிர்ந்த நீரில் விழுந்தவர் அதிர்ச்சியில் தம்மையறியாமல் மூச்சை இழுத்துத் தண்ணீரைக் குடித்துவிடுவார். நீச்சல் தெரிந்தவருக்கும் அந்த முதல் நிமிடம்தான் ஆபத்து. படகில் எழுந்து நின்று வீசவே வேண்டாம்.

கேள்வி: ஆழத்தில் ஈயை இழுக்கும்போது மீன் கவ்வியதை எப்படி உணர்வது? தக்கை இல்லாமல் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை. (பீட்டர்பரோ வாசகர்)

பதில்: குளிர்நீரில் வெடுக்கென்ற இழுப்பை எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் கயிறு சற்றுக் கனத்ததுபோல் இருக்கும்; சில வேளைகளில் அமிழ்ந்துகொண்டிருந்த கயிறு காரணமின்றி நின்றுவிடும். அப்போது தூண்டில் கோலை உயர்த்தாமல், கயிற்றைப் பிடித்த கையாலேயே ஒரு முழ நீளம் உறுதியாக இழுங்கள். கோலை உயர்த்தினால் ஈ மீனின் வாயிலிருந்து மேலே போய்விடும், கையால் இழுத்துத் தவறினாலோ அது மீனுக்கு அருகிலேயே கிடக்கும். இன்னொன்று: ஈ படகை நெருங்கியதும் அவசரமாகத் தூக்கி மறுபடி வீசாமல், கோலை மெதுவாக உயர்த்தி, ஈக்கள் கண்ணுக்குத் தெரிவதற்குச் சற்று முன்னர் நிறுத்தி, பத்து வரை எண்ணுங்கள். அடியிலிருந்து மந்தமாகப் பின்தொடர்ந்து வந்த மீன், இரை நின்ற அந்த நேரத்தில்தான் வாய் திறக்கிறது.