டீசலில் இருந்து கந்தகத்தை எடுக்க எம்ஓஎஃப் எதற்கு?

ஹைட்ரஜன் முறை இருக்கும்போது எம்ஓஎஃப் (உலோக-கரிமச் சட்டகம்) ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆலையில் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வினையூக்கியின் மீது அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தினால் பெரும்பாலான கந்தகம் போய்விடும். டைமெத்தில் டைபென்சோதயோஃபீன் மாதிரி சில மூலக்கூறுகள்தான் அடம்பிடிக்கும். அவற்றின் கந்தகத்தை மெத்தில் தொகுதிகள் (சிறு கார்பன்-ஹைட்ரஜன் கிளைகள்) மறைத்து நிற்பதால் வினையூக்கி எளிதில் நெருங்க முடியாது. இந்தியாவின் பிஎஸ்-6 மாசு விதிமுறை விதிக்கும் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரம்புக்கு அவையும் போயாக வேண்டும்.

எம்ஓஎஃப் என்பது உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் கோத்த நுண்துளைச் சட்டகம் (2025 வேதியியல் நோபல் இதற்குத்தான்). ஹெச்கேயுஎஸ்டி-1 என்ற எம்ஓஎஃப் வகையில் தாமிர அயனியின் ஒரு பக்கம் காலியாக இருக்கும். அங்கே கந்தகம் ஒட்டும். அந்த மூலக்கூறுகளின் தட்டையான வளையங்களைத் துளைச் சுவரும் ஈர்க்கும். அறை வெப்பநிலையே போதும். ஆனால் டீசலில் ஏராளமாக உள்ள அரோமேட்டிக் (வளைய வடிவ) சேர்மங்களும் அதே இடத்துக்குப் போட்டி போடும். ஈரம் பட்டால் சட்டகமே மெல்லச் சிதையும். என் பார்வையில், இரண்டாவதுதான் பெரிய தலைவலி.